மெத் பழக்கத்திலிருந்து மீள மொபைல் ஆப் உதவுமா? வீட்டிலிருந்தே சிகிச்சை எடுக்க முடியுமா?

பெங்களூரில் வேலைக்குப் போன இடத்தில் தம்பிக்கு மெத் (மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருள்) பழகிவிட்டது, இப்போது திசையன்விளையில் வீட்டோடு இருக்கிறான், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறான், ஆப் ஒன்று போட்டுக் கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப் மட்டும் போதாது. ஆனால் பின்னால் ஒரு டாக்டர் இருந்தால் அது நிறையவே கைகொடுக்கும். எங்கள் சித்தி மகன் விஷயத்தில் கூடவே இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

ஹெராயின் மாதிரி போதைகளுக்கு மாற்று மாத்திரை உண்டு. மெத், கொக்கைனுக்கு அப்படி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அங்கீகரித்த மருந்து ஒன்றுகூட இல்லை. தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் டாக்டர் மாத்திரை தருவார். மீதியெல்லாம் பேச்சும் பழக்க மாற்றமும்தான். ஆய்வுகளில் திரும்பத் திரும்ப நல்ல பலன் காட்டியது பரிசு முறை. பொதுவாக வாரம் இரண்டு தடவை சிறுநீர் டெஸ்ட். சுத்தமாக வந்தால் உடனே சின்னப் பரிசு, தொடர்ந்து சுத்தமாக வந்தால் தொகை ஏறும், தவறினால் மறுபடி முதல் தொகை. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் இதைச் செய்கிறார்கள்.

“லஞ்சம் கொடுத்தா திருத்தணும்?” என்று சித்தப்பா கோபப்பட்டார். மெத் அந்த நிமிஷமே சந்தோஷம் தருகிறது. விட்டதன் பலன் தெரியவோ மாதக்கணக்காகும். அதுவரை தாக்குப்பிடிக்கக் கையில் ஏதாவது கிடைக்க வேண்டும் என்று டாக்டர்தான் அவருக்குப் புரியவைத்தார்.

2017இல் எஃப்.டி.ஏ. அனுமதித்த ரீசெட் என்ற ஆப்பிலும் பாடங்களோடு இந்தப் பரிசு முறை இருந்தது. 12 வாரம், டாக்டர் சீட்டோடு, வழக்கமான கவுன்சிலிங்கோடு சேர்த்துத்தான். அதை உருவாக்கிய நிறுவனம் 2023இல் திவாலாகிவிட்டது, அதனால் அதைத் தேடி அலைய வேண்டாம்.

சித்தி வீடு ராதாபுரம் பக்கம். டாக்டரைப் பார்க்கப் பாளையங்கோட்டை போய்வர அரை நாள் போய்விடும், பஸ்ஸில் யாராவது “என்னடே, பாளைக்கு எதுக்கு?” என்று கேட்பார்களே என்ற கூச்சம் வேறு. முதல் தடவை நேரில் கூட்டிப் போனோம், அப்புறம் பெரும்பாலும் வீடியோ காலில்தான். டெஸ்ட் கார்டைக் கேமராவில் டாக்டருக்குக் காட்டுவான். சுத்தமாக இருந்தால் சித்தி அவனுடைய வண்டி டியூவுக்கு ஒரு தொகையைச் சேர்ப்பாள். பணத்தை அவன் கையில் மட்டும் கொடுக்கக்கூடாது, அது முக்கியம்.

ராத்திரி படுக்குமுன் தூக்கம் எப்படி, தேட்டம் (போதை வேண்டும் என்ற ஏக்கம்) பத்துக்கு எத்தனை என்று ஒரு ஆப்பில் போடுவான். சம்பளம் ஏறுகிற நாளில் எட்டு, ஒன்பது என்று எகிறுவதை டாக்டர் கண்டுபிடித்தார். உடனே சம்பளத்தைச் சித்தி கணக்குக்கு மாற்றினோம். அந்த ஆப்பில் ஒரு பட்டன், அமுக்கினால் எனக்குக் கால் வரும். “யக்கா, கை பரபரன்னு கெடக்கு, பேசிக்கிட்டே இரி” என்பான். ஆட்டுக்குட்டி, கோயில் கொடை என்று எதையாவது பேசுவோம். தேட்டம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும், அந்த நேரத்தைத் தாண்டவைப்பதுதான் வேலை. எந்த ஆப்பைப் போட்டாலும் இப்படிக் கூப்பிட ஒரு ஆள் இருக்க வேண்டும்.

ஆப் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் தம்பி சரக்கு வாங்கியதும் இதே போனில்தான் இருக்கும். சிம்மை மாற்றுங்கள், பழைய குரூப்புகளை அழிக்கச் சொல்லுங்கள். நீங்களாகப் பிடுங்கி அழித்தால் இன்னொரு போன் வாங்கிவிடுவான், அவனையே உட்காரவைத்து அழிக்கவையுங்கள்.

டாக்டர் என்றாலே பயப்படுகிறான் என்றால் 14416க்கு முதலில் அவனையே பேசச் சொல்லுங்கள். அது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள். போதை மீட்புக்கென்றே 14446 இருக்கிறது.

விட்ட முதல் சில நாட்கள் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவான், பசிக்கும், மனசு ரொம்பத் தாழ்ந்து போகும். செத்துவிடலாம் என்ற பேச்சு வந்தால் தனியாக விடாதீர்கள். நெஞ்சுவலி வந்தாலோ, யாரோ துரத்துகிறார்கள், காதில் குரல் கேட்கிறது என்றாலோ ஆப்பையும் வீடியோ காலையும் விட்டுவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.