செல் மாற்றியதும் ஊமையான வாட்ச்

கேள்வி: அப்பா வாங்கித் தந்த கேசியோ எஃப்-91டபிள்யூ வாட்சுக்குத் தெருமுனைக் கடையில் செல் மாற்றினேன். நேரம் ஓடுகிறது, அலாரம் மட்டும் அடிப்பதில்லை. "இனி தேறாது, புதுசு வாங்கிக்குங்க" என்கிறார் கடைக்காரர். இதுபோல் இன்னும் நான்கைந்து சேர்க்கவும் ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் இடது பக்கம் கீழே உள்ள பட்டனை அழுத்துங்கள். 'பீப்' என்றால் வாட்சில் ஒரு குறையும் இல்லை. செல் மாற்றியதில் அலாரம் அணைந்திருக்கிறது, மறுபடி போட்டால் போதும்.

அந்தச் சத்தமும் இல்லையா? அப்படியானால் எனக்கு ஸ்பிரிங் மேல்தான் சந்தேகம். ஒலி எழுப்பும் வட்டத் தகடு பின்மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். அதற்கு மின்சாரம் கொண்டுபோவது, அரிசியைவிடச் சிறிய ஒரு சுருள் ஸ்பிரிங். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறக்கும்போது அது துள்ளி விழுந்துவிடும், யார் கண்ணிலும் படாது. பழுதான இன்னொரு வாட்சிலிருந்து ஒன்றை எடுத்துப் போடச் சொல்லுங்கள். திறக்கும்போதே ஓரத்து ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வியர்வை உள்ளே போகாமல் காப்பது அதுதான்.

1989இல் வந்த மாடல் இது, இன்னும் கடையில் கிடைக்கிறது. ஆனாலும் அப்பா தந்தது வேறு, இல்லையா?

சரி, சேர்ப்பதற்கு வருவோம். ஒரே வாட்சை நிறம் நிறமாக வாங்குவதைவிட வேலையில் வித்தியாசப்படுபவற்றை வாங்குங்கள். உங்கள் வாட்சில் ஒரு மூலையிலிருந்து மங்கலான பச்சை வெளிச்சம் வரும். கேசியோவின் இன்னொரு மாடலான ஏ168இல் முகப்பு முழுக்க ஒளிரும். அதே கேசியோவின் ஏஇ-1200இல் உலக வரைபடம் உண்டு, 100 மீட்டர் நீர்த்தாங்கு திறனும் உண்டு. உங்களுடையதில் எத்தனை மீட்டர் என்று போட்டிருக்காது. மழைத்தூறலும் கை கழுவும் தண்ணீரும் தாங்கும், நீச்சலுக்கு வேண்டாம்.

பழையதை வாங்கும்போது செல் இருக்கும் குழியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் செல் கசிந்திருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். உங்கள் பெட்டியிலும் ஓடாமல் கிடக்கும் வாட்சில் தீர்ந்த செல்லை வைத்திருக்காதீர்கள். அப்புறம், எஃப்-91டபிள்யூவுக்கு ஆண்டு தெரியாது. 2028 பிப்ரவரி 29 அன்று தேதியை நீங்கள்தான் திருத்த வேண்டும்.