இன்னும் ஒரே ஒரு ரிவிஷன் – கடிதம்

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் மருத்துவமனைக் கட்டுரைகளை விடாமல் வாசித்து வருகிறேன். எம்.பி.பி.எஸ். முடித்து இரண்டு வருடம் ஆகிறது. அமெரிக்காவில் ரெசிடென்சி (மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே பெறும் மேற்பயிற்சி) சேரும் எண்ணத்தில், அங்கே மருத்துவ உரிமம் பெறுவதற்கான யுஎஸ்எம்எல்இ தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்குப் பதினான்கு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தேதியை இரண்டு முறை மாற்றிவிட்டேன். தேர்வை எழுதி முடிக்க வேண்டிய மூன்று மாதத் தகுதிக் காலத்தையும் ஒரு முறை நீட்டியாகிவிட்டது, இனி நீட்ட வழியில்லை. இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

நான் படிக்காமல் இல்லை. கேள்வி வங்கியை ஒரு முறை முழுதாகவும் இரண்டாம் முறை பாதியும் முடித்திருக்கிறேன். விளக்கங்களைக் கையால் எழுதி ஏழு நோட்டு சேர்ந்திருக்கிறது. தேர்வு நடத்தும் அமைப்புகளில் ஒன்றான என்.பி.எம்.இ.யின் மாதிரித் தேர்வுகளில் கடைசியாக எழுதிய மூன்றில் 70, 72, 71 சதவீதம். ஆனாலும் கேள்வியைத் திறந்தால் ஒன்றுமே தெரியாதவன் போலத்தான் இருக்கிறது. போன வாரம் தயமின் (வைட்டமின் பி1) பற்றிய கேள்வி ஒன்றைக் கோட்டைவிட்டேன். என் நோட்டில் தயமினுக்கு நான்கு பக்கம் இருக்கிறது! நோட்டு முழுவதையும் இன்னும் ஒரே ஒரு ரிவிஷன் முடித்துவிட்டால் தைரியம் வந்துவிடும் என்று தோன்றுகிறது. அதற்கு மூன்று மாதம் வேண்டும். இதை விட்டுவிட்டு, திரும்பப் பணம் கட்டி வேறு தேதி வாங்கலாமா?

இன்னொன்று. கூடப் படித்தவன் ஒருவன் 'ரீகால்' கோப்பு வாங்கியிருக்கிறான். சமீபத்தில் தேர்வு எழுதியவர்கள் ஞாபகத்திலிருந்து தொகுத்த கேள்விகளாம். எல்லாரும் பார்க்கிறார்கள் என்கிறான். பார்ப்பதில் தவறு உண்டா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

தயமினிலிருந்தே ஆரம்பிக்கலாம். உங்களுக்கு வந்த கேள்வியை நீங்கள் எழுதவில்லை. ஆனால் அது எந்த ஜாதிக் கேள்வி என்று எனக்குத் தெரியும், நானும் அடிவாங்கியிருக்கிறேன். இப்படி இருந்திருக்கும்: நீண்ட நாள் குடிப்பழக்கம் உள்ள 52 வயதுக்காரரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். மனம் குழம்பியிருக்கிறது, நடை தள்ளாடுகிறது, கண்கள் பக்கவாட்டில் சரியாகத் திரும்பவில்லை. குளுக்கோஸ் ஏற்றியதும் நிலைமை இன்னும் மோசமாகிறது. இவ்வளவு படித்ததுமே உங்களுக்கு வெர்னிக்கே (தயமின் குறைவால் வரும் மூளை நோய்) என்று பொறி தட்டிவிடும், தயமின் என்று கை பரபரக்கும். ஆனால் கடைசி வரி நோயின் பெயரையும் கேட்பதில்லை, வைட்டமினையும் கேட்பதில்லை. எந்த நொதியின் செயல்பாடு இவரிடம் குறைந்திருக்கும் என்று கேட்கிறது. கீழே ஐந்து பெயர்கள். அதில் ஒன்று பைருவேட் கார்பாக்சிலேஸ், கொஞ்சம் தள்ளி டிரான்ஸ்கீட்டோலேஸ்.

தயமின் பக்கத்தில் 'பைருவேட்' என்று ஏதோ படித்த ஞாபகம் இருக்கும். கண் போய் அங்கே ஒட்டிக்கொள்ளும். நீங்கள் படித்தது பைருவேட் டிஹைட்ரோஜினேஸ். கார்பாக்சிலேஸுக்கு வேண்டியது பயோட்டின். விடை, தயமினை நம்பி இயங்கும் டிரான்ஸ்கீட்டோலேஸ்.

நோயாளியிலிருந்து நோய்க்கு ஒரு தாவல், நோயிலிருந்து வைட்டமினுக்கு ஒன்று, அங்கிருந்து நொதிக்கு ஒன்று. இந்தத் தேர்வில் பெரும்பாலான கேள்விகள் இப்படி இரண்டு மூன்று தாவல் கொண்டவை. உங்கள் நான்கு பக்கத்தில் தகவல் அத்தனையும் இருக்கும், தாவல் மட்டும் இருக்காது. நோட்டில் தயமின் என்று தலைப்புப் போட்டுக் கீழே எல்லாவற்றையும் எழுதியிருப்பீர்கள். தேர்வில் தலைப்பை யாரும் சொல்வதில்லை.

ஆகவே நோட்டுகள். ஏழு நோட்டு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எவ்வளவு உழைப்பு! ஆனால் அந்த உழைப்பு உங்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்களுக்குச் சிறு கட்டுரை கொடுத்து, ஒரு குழுவைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, கட்டுரையைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழுதான் முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்த குழு நன்றாகவே முந்திவிட்டது. எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான். நீங்கள் மூன்று மாதம் செலவழித்து வாங்க நினைக்கும் தைரியம் இந்த வகைதான். தேர்வு அறைக்குள் போகும்வரை நன்றாகவே இருக்கும்.

ஏழு நோட்டையும் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். தூக்கிப்போட மனம் வராது, எனக்கும் வரவில்லை. புதிதாக மெல்லிய நோட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தவறாகப் போட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அதில் ஒரே ஒரு வரி. பாடம் அல்ல, நீங்கள் எங்கே வழுக்கினீர்கள் என்பது மட்டும். என்னுடையதில் இப்படியெல்லாம் இருந்தது: 'கடைசி வரியைப் படிக்காமலே விடை தேடினேன்.' 'மூன்று வாரக் குழந்தை என்பதை மூன்று மாதம் என்று படித்தேன்.' 'இரண்டில் ஒன்று என்று வந்தபின் பெயர் பெரிதாக இருந்ததைப் போட்டேன்.' 'இதைக் கேள்விப்பட்டதே இல்லை.' இந்தக் கடைசி ரகம்தான் நிறைய இருக்கும் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் பாதிகூட இல்லை. மீதி எல்லாம் தெரிந்தும் விட்டவை. பெயர் பெரிதாக இருந்தால் மயங்கும் வியாதி எனக்கு இருப்பது அந்த நோட்டால்தான் தெரியவந்தது. இன்னும் முழுதாகக் குணமாகவில்லை.

முதலில் தோன்றிய விடையை மாற்றவே கூடாது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். 2005-இல் க்ரூகர், வர்ட்ஸ், மில்லர் மூவரும் மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய தடங்களை எண்ணிப் பார்த்தார்கள். சரியிலிருந்து தவறுக்குப் போனதைவிடத் தவறிலிருந்து சரிக்கு வந்ததே அதிகம். சரியாக இருந்ததை மாற்றிக் கெடுத்தது மட்டும் நமக்கு ஆயுசுக்கும் உறுத்துகிறது, அதனால்தான் அந்தப் பழமொழி செத்துப்போவதில்லை. மாற்றுவதற்குக் காரணம் ஒன்றைச் சொல்ல முடிந்தால் மாற்றுங்கள். பயம் காரணமாகாது.

இப்போது உங்கள் 72 சதவீதத்துக்கு வருவோம். நாற்பது கேள்வி என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 29 சரி, 11 தவறு. அந்த மதிப்பெண் அறிக்கையிலேயே, ஒரு வாரத்துக்குள் தேர்வு எழுதினால் தேறும் வாய்ப்பு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். உங்கள் எண்களுக்கு அது தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதாவது, நாற்பதில் பதினோரு முறை முழிப்பவர் தேறிவிடுகிறார். அந்தப் பதினொன்றில் நான்கு அடுத்தடுத்து வந்தால் ஒன்றுமே தெரியாதவன் போல இருக்காமல் வேறு எப்படி இருக்கும்? போதாததற்கு, மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகளையும் நடுவில் கலந்திருப்பார்கள். எது அது என்று சொல்ல மாட்டார்கள். அந்த உணர்வு போனபிறகு தேர்வு எழுதலாம் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். அது போகாது. பதினைந்து வருடமாக இரவுப் பணி பார்க்கிறேன், எனக்கே போகவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு வரும் நோயாளியைப் பார்க்கும்போது என்னிடம் இருப்பது எப்போதும் முக்கால்வாசித் தகவல்தான்.

உங்கள் பயம் வெறும் பிரமை என்று சொல்ல வரவில்லை. 2022 ஜனவரி 26-இலிருந்து ஸ்டெப் 1-க்கு மூன்று இலக்க மதிப்பெண் இல்லை, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். பாஸ் என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஃபெயில் என்றால் அது உங்கள் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்கும், ரெசிடென்சிக்குத் தேர்ந்தெடுப்பவர்கள் பார்ப்பார்கள். மொத்த வாய்ப்பும் நான்குதான். மூன்று மாதிரித் தேர்விலும் 58 என்று எழுதியிருந்தால், பணம் போனாலும் பரவாயில்லை, தள்ளிப்போடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். 70, 72, 71-க்குச் சொல்ல மாட்டேன். இன்னொரு மூன்று மாதம் இருந்தால் அதை அடுத்த கட்டத் தேர்வான ஸ்டெப் 2 சி.கே.வுக்குக் கொடுங்கள். மதிப்பெண் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ரீகால் விஷயம். தொடாதீர்கள். 2024 ஜனவரி கடைசியில், நேபாளத்தோடு தொடர்புடைய தேர்வர்கள் பலரின் தேர்ச்சியை யுஎஸ்எம்எல்இ ஒரே அறிவிப்பில் செல்லாது என்று சொல்லிவிட்டது. கேள்விகள் முன்பே கைமாறியிருந்ததைப் புள்ளிவிவரத்தை வைத்தே கண்டுபிடித்தார்கள். அதில் சிலர் ரெசிடென்சி நேர்காணல்களை முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவர்கள். 'எல்லாரும் பார்க்கிறார்கள்' என்பது அன்றைக்கு யாரையும் காப்பாற்றவில்லை. இந்த நியாயமெல்லாம் வேண்டாம் என்றாலும் ஒன்று இருக்கிறது: அந்தக் கோப்புகளில் விடைகள் பாதி தப்பு. ஒருவனிடம் தற்செயலாகப் பார்க்க நேர்ந்ததால் சொல்கிறேன்.

சரி, ஐந்து வாரத்தில் என்ன செய்வது? கேள்வி வங்கியில் பாடவாரியாக எடுப்பதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கலந்து, நேரம் வைத்து எழுதுங்கள். அதிலேயே தாவல் பழகிவிடும். அப்புறம், ஒரு நாளாவது முழுத் தேர்வையும் ஒரே மூச்சில் எழுதிப் பாருங்கள். இதை நான் செய்யவில்லை. நான் எழுதியபோது ஒரு மணி நேரப் பகுதிகள் ஏழு, இடைவேளை மொத்தம் முக்கால் மணி, அதை எப்படிப் பங்கிடுவது என்பது நம் இஷ்டம். முதல் மூன்று பகுதி நன்றாகப் போகிறதே என்று எழுந்திருக்கவே இல்லை. ஐந்தாம் பகுதியில் ஒரு பெண்ணின் சிறுநீரகப் பரிசோதனை முடிவை நான்கு முறை வாசித்தேன். எண்கள் தெரிந்தன, அர்த்தம் வரவில்லை. ஏழு நிமிடம் போய்விட்டது. சாதாரணமாக ஒரு கேள்விக்குக் கிடைப்பதே ஒன்றரை நிமிடம். கடைசி நான்கு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டேன். தவறுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எதையும் காலியாக விடாதீர்கள்.

தேதியை மாற்றாதீர்கள். அப்புறம், பாக்கெட் குறைவாக உள்ள உடை போட்டுக்கொண்டு போங்கள். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் எல்லாப் பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டச் சொல்வார்கள், கண்ணாடி போடுபவர் என்றால் அதையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அன்றைக்கு நான் போட்டிருந்த கால்சட்டையில் ஆறு பாக்கெட்.

அன்புடன்