எலியட் பொறியில் அன்டெகைனஸ்: களப்பணி மாணவர் கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில ஈரக் காடுகளில் சிறு பைப்பாலூட்டிகளைப் பொறிவைத்துப் பிடித்து, அளந்து, விடும் மாணவர்கள் கேட்டவை. அன்டெகைனஸ் என்பது எலிபோலத் தோன்றும் சிறு பைப்பாலூட்டி. எலியட் பொறி என்பது உள்ளிருக்கும் மிதிதகட்டை விலங்கு மிதித்ததும் கதவு மூடிக்கொள்ளும் பெட்டி.

கேள்வி: காலையில் பொறியைத் திறந்தால் சிறு அன்டெகைனஸ் விறைத்துக் கிடக்கிறது. எங்கே தவறு?

ஈரத்தில்தான். 20, 30 கிராம் உடம்பு நனைந்தால் வெகு சீக்கிரம் சூடு இழந்துவிடும். பொறியைப் பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்து, வாய்ப்பக்கம் சற்றுத் தாழ இருக்கும்படி, விழுந்த மரத்தின் ஓரம் வையுங்கள். உள்ளே புகும் நீர் தானே வடியும். பின்புறம் ஒரு கைப்பிடி பாலியெஸ்டர் பஞ்சு போடுங்கள். பஞ்சு மிதிதகட்டுக்கு அடியில் போய்விட்டால் கதவு விழாது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. இரையை (ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய், தேன்) கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசைந்து நெல்லிக்காய் அளவு உருட்டுங்கள். இளகினால் எண்ணெய் ரோமத்தில் ஒட்டி, குளிர் இன்னும் ஏறும்.

விறைத்துக் கிடப்பதெல்லாம் செத்தது என்று முடிவுகட்டாதீர்கள். துணிப்பையில் இட்டு மேல்சட்டைக்குள் உடம்போடு அணைத்து வையுங்கள். சுறுசுறுப்பாக ஓடும் நிலை வந்த பிறகே, பிடித்த இடத்தில் விடுங்கள். விடியலிலேயே எல்லாப் பொறிகளையும் பார்த்து முடிப்பது கட்டாயம். பகலில் மூடி வையுங்கள்.

கேள்வி: செப்டம்பரில் ஓர் ஆண் அன்டெகைனஸ்கூட விழவில்லை. பொறி சரியில்லையா?

பொறியில் குறையில்லை. குளிர்கால (அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை) இணைசேர்க்கை முடிந்ததும் ஆண்கள் எல்லாம் இறந்துவிடுகின்றன. மன அழுத்த ஹார்மோன் மிகுந்து நோய் எதிர்ப்பு குலைவதே காரணம். இந்த உயிரினத்தில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான். அதன்பின் சில மாதங்கள் பெண்களையே எதிர்பாருங்கள். பால்கொடுக்கும் பெண் சிக்கினால் அளவெடுக்கத் தாமதிக்காமல் முதலில் விடுங்கள். குட்டிகள் முலைக்காம்பில் தொங்கும் பருவம் கடந்திருந்தால் அவை கூட்டில் தனியே காத்திருக்கும். பொறி அட்டவணை போடும்போதே அந்த மாதங்களைத் தவிர்ப்பது இன்னும் நல்லது.

கேள்வி: பைக்குள் இருப்பது எலியா, அன்டெகைனஸா?

முன்பல்லைப் பாருங்கள். எலிக்கு மேலே உளிபோல ஒரு சோடி; அன்டெகைனஸுக்குச் சின்னக் கூர்ப்பற்கள் வரிசையாக. மூஞ்சியும் கூர்மையானது. முன்காலில் ஐந்து விரல். எலிக்கு நான்குதான் தெரியும்.

கேள்வி: பாண்டிகூட்டின் குட்டி பையிலிருந்து விழுந்துவிட்டது. என்ன செய்வது?

(பாண்டிகூட்டும் ஒரு பைப்பாலூட்டியே. பெருச்சாளியைக் குறிக்கும் தெலுங்குப் பந்திக்கொக்கிலிருந்து வந்த பெயர்தான், ஆனாலும் இது நம் பெருச்சாளிக்கு உறவல்ல.) அஞ்சினால் தாய் குட்டியை உதிர்த்துவிடும். அதனால் கூண்டைச் சாக்கால் மூடியபடியே இருட்டான துணிப்பைக்கு மாற்ற வேண்டும். விழுந்த குட்டியை உள்ளங்கைச் சூட்டில் வைத்துத் தாயின் வயிற்றுப் பைக்குள் திருப்பி விடுங்கள். பையின் வாய் பின்னோக்கி இருக்கும். பைவாயைக் காகித நாடாவால் தளர ஒட்டுங்கள், அது தானே உதிர்ந்துவிடும். விடும்போது துணிப்பையைத் தரையில் கிடத்தித் திறந்தால் போதும், தூக்கிக் கொட்டாதீர்கள்.

கேள்வி: 25 பொறி, 4 இரவு, 9 பிடிப்பு. எப்படிக் கணக்கெழுதுவது?

100 பொறியிரவுக்கு 9 (ஒரு பொறி ஓர் இரவு திறந்திருந்தால் ஒரு பொறியிரவு). காலியாக மூடிக் கிடந்த பொறிகளையும் எண்ணி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரைப் பொறியிரவு கழிப்பது வழக்கம். 10 அப்படி மூடியிருந்தால் வகுக்க வேண்டியது 95.