மை காய்ந்த ஹெட்டும் நகராத வரிசையும்

போன இதழில் பிரிண்டரைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், வீட்டில் மாமியார் மருமகள் சண்டை இல்லாதவர்கள்கூட இருப்பார்கள் போல, பிரிண்டரோடு சண்டை இல்லாதவர்கள் யாருமே இல்லை. சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: இரண்டு வருடம் முன்பு ஒரு கலர் இங்க்ஜெட் வாங்கினேன். மாதத்துக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் பிரிண்ட் எடுப்பேன். ஒவ்வொரு முறையும் கோடு கோடாக வருகிறது. ஹெட் கிளீனிங் கொடுத்தால் சரியாகிறது, ஆனால் மை காலி. மிஷின் கோளாறா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருத்துறைப்பூண்டி

பதில்: மிஷினில் கோளாறு இல்லை சார், உங்களுக்கும் அதற்கும்தான் ஜாதகப் பொருத்தம் சரியில்லை. இங்க்ஜெட் மையில் பெரும்பகுதி தண்ணீர். மையைத் தெளிக்கிற பாகமான ஹெட்டின் அடியில் தலைமுடியை விட மெல்லிய துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கேனான், எச்பி போன்றவற்றின் ஹெட்டில் மை நொடிக்குள் சூடாகி, அதில் எழும் குமிழி துளியை வெளியே தள்ளுகிறது. எப்சனில் சூடு கிடையாது, மின்சாரம் பட்டதும் வளைகிற ஒரு படிகம் மையைப் பிதுக்குகிறது. எந்த வகையானாலும் நம் ஊர் வெயிலில் இரண்டு மாதம் சும்மா கிடந்தால் அந்தத் துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

கிளீனிங் என்றால் ஏதோ துடைக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது டாங்கிலிருந்து நல்ல மையை உறிஞ்சித் துளை வழியாக வெளியேற்றுகிறது. அந்த மை மிஷினின் அடியில் இருக்கிற ஒரு பஞ்சில் போய்ச் சேர்கிறது (அது நிறைந்துவிட்டதாகக் கணக்கு வந்தால் ஒருநாள் பிரிண்டர் வேலைநிறுத்தம் செய்யும், அது தனிக் கதை). ஆகவே முதலில் நாசில் செக், அதாவது துளைகளைச் சோதிக்கிற பக்கம் ஒன்று எடுங்கள். படிக்கட்டு மாதிரிக் கோடுகள் வரும். எந்த நிறத்தில் படி விட்டுப்போயிருக்கிறதோ அதில்தான் அடைப்பு. இரண்டு தடவை கிளீனிங் கொடுங்கள், சரியாகவில்லையா, அப்படியே விட்டுவிட்டு மறுநாள் காலையில் மறுபடி பாருங்கள். இரவெல்லாம் ஊறிப் பாதி அடைப்பு தானே விட்டிருக்கும். தொடர்ந்து ஏழெட்டுத் தடவை கொடுப்பது காசைச் சாக்கடையில் ஊற்றுகிற வேலை.

இன்னொன்று, நம் வீடுகளில் எல்லோரும் செய்கிற தப்பு. வேலை முடிந்ததும் சுவரில் இருக்கிற சுவிட்சை டப்பென்று அணைத்துவிடுகிறோம். பிரிண்டரின் சொந்த பட்டனை அழுத்தினால், ஹெட் நகர்ந்து ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்காரும். கடைசியாக ஒரு சின்ன 'கடக்' கேட்கும், காது கொடுத்துக் கேளுங்கள். அதற்கு அப்புறம்தான் சுவர் சுவிட்ச். நடுவழியில் கரண்டைப் பிடுங்கினால் ஹெட் மூடி இல்லாமல் காற்றில் காயும். நானே ஒரு வருடம் இப்படிச் செய்து ஒரு ஹெட்டைச் சாகடித்திருக்கிறேன், புது ஹெட் விலை கேட்டபோது புது பிரிண்டரே வாங்கிவிடலாம் போலிருந்தது.

வாரத்துக்கு ஒரு கலர் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தால் பிரச்சினை வராது. அது முடியாது, கலரும் வேண்டாம் என்றால் கறுப்பு வெள்ளை லேசர் வாங்கியிருக்க வேண்டும். டோனர் உலர்ந்த பொடி, அதில் காய்வதற்கு ஒன்றுமில்லை. மாதத்துக்குப் பத்துப் பக்கம்தான் என்றால், தெருமுனையில் இருக்கிற பிரவுசிங் சென்டர்தான் உங்களுக்கு எல்லாவற்றையும் விட மலிவு. பிரிண்டர் விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: டியூஷன் சென்டர் நடத்துகிறேன். 60 பிள்ளைகள், வாரத்துக்கு இரண்டு டெஸ்ட். காட்ரிட்ஜ், இங்க் டாங்க், லேசர் என்று கடைக்காரர் குழப்புகிறார். எதை வாங்க?
– டியூஷன் டீச்சர், கோவில்பட்டி

பதில்: மிஷின் விலையை மறந்துவிட்டு ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள் மேடம். மை தீர்ந்தால் டப்பாவையே மாற்றுகிற மலிவான காட்ரிட்ஜ் பிரிண்டர் உங்களுக்கு ஒத்தே வராது, மிஷினைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு மையில் சம்பாதிக்கிற வியாபாரம் அது. இந்த வியாபாரத்துக்கு வாடிக்கையாளர்களே வைத்த ஆப்புதான் இங்க் டாங்க். வெளியே பாட்டில் வைத்து, டியூப் இழுத்து, மிஷினில் ஓட்டை போட்டு மை கொடுக்கிற வித்தையைக் கடைகளில் செய்துகொண்டிருந்தார்கள். கடைசியில் எப்சனே 2010-ல் இந்தோனேசியாவில் டாங்க் வைத்த பிரிண்டரை விற்பனைக்கு இறக்கியது. மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன.

உங்களுக்கு கேள்வித்தாள்தான், கறுப்புதான், அதுவும் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் என்றால் கறுப்பு வெள்ளை லேசர் வேகமாக முடிக்கும், தண்ணீர் பட்டாலும் எழுத்து ஓடாது. அறிவியல் படம், வரைபடம் எல்லாம் கலரில் வேண்டுமென்றால் இங்க் டாங்க். கடையில் மூன்று விஷயம் கேளுங்கள். டோனர் விலை என்ன, எத்தனை பக்கம் வரும், டிரம் (டோனர் பொடியைப் பேப்பருக்குக் கொண்டுபோகிற உருளை) அதோடு சேர்ந்து வருகிறதா தனியாகவா. டோனர் 1,500 ரூபாய், 1,500 பக்கம் என்று சொன்னால் பக்கத்துக்கு 1 ரூபாய் என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அந்தக் கணக்கு பக்கத்தில் ஏறக்குறைய 5 சதவீத இடத்தில்தான் மை படும் என்று வைத்துப் போட்டது, அதாவது ஒரு சின்னக் கடிதம் அளவு. இரண்டு பத்தியாக நெருக்கி அடித்த கேள்வித்தாளில் அதைவிடக் கூடுதலாகத்தான் இறங்கும். தவிர, புது மிஷினோடு வருகிற முதல் டோனர் பல மாடல்களில் பாதி நிரப்பியதாகத்தான் இருக்கும். 'மாதத்துக்கு 10,000 பக்கம் தாங்கும்' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் அது உச்சவரம்பு, மாதா மாதம் அவ்வளவு ஓட்டலாம் என்று அர்த்தமில்லை.

இரண்டு பக்கமும் தானே அடிக்கிற டூப்ளெக்ஸ் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். பேப்பர் செலவு பாதியாகும்.

கேள்வி: லேசர் பிரிண்டரில் லேசர் எங்கே இருக்கிறது? அது பேப்பரை எரிக்காதா?
– பத்தாம் வகுப்பு மாணவி, நாமக்கல்

பதில்: நல்ல கேள்வி. லேசர் பேப்பரைத் தொடுவதே இல்லை! உள்ளே டிரம் என்று பளபளப்பான ஓர் உருளை இருக்கிறது. இருட்டில் அதன் மேல் முழுக்க நிலைமின்சாரம் ஏற்றுகிறார்கள். லேசர் ஒளி பட்ட இடத்தில் மட்டும் அந்த மின்னூட்டம் வடிந்துவிடும். அப்படி எழுத்தின் வடிவம் கண்ணுக்குத் தெரியாமல் டிரம்மில் விழுகிறது, டோனர் பொடி அந்த இடத்தில் மட்டும் போய் ஒட்டுகிறது, அங்கிருந்து பேப்பருக்குத் தாவுகிறது. இப்போது நீ பேப்பரை வெளியே எடுத்து விரலால் தடவினால் எழுத்தெல்லாம் கலைந்துவிடும். கடைசியில் ஃபியூசர் என்கிற சூடான உருளை, சுமார் 200 டிகிரி செல்சியஸ், பொடியில் இருக்கிற பிளாஸ்டிக்கை உருக்கிப் பேப்பரில் அழுத்துகிறது. பேப்பர் சூடாக வருவது அதனால்தான்.

இதன் அடிப்படை வித்தை நம் ஜெராக்ஸ் மிஷினுடையதுதான். செஸ்டர் கார்ல்சன் என்கிற அமெரிக்கர், காப்புரிமை வேலையில் பிரதி எடுத்து எடுத்து அலுத்துப்போனவர், 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றி, கண்ணாடியில் எழுதிய தேதியையும் இடத்தின் பெயரையும் பிரதி எடுத்தார். உலகின் முதல் ஜெராக்ஸில் இருந்தது தேதியும் ஊர்ப்பெயரும்தான். பிறகு ஜெராக்ஸ் கம்பெனியில் கேரி ஸ்டார்க்வெதர் அந்த மிஷினுக்குள் லேசரைக் கொண்டுவந்தார். 1984-ல் எச்பி தன் முதல் லேசர்ஜெட்டை, கேனான் செய்து கொடுத்த எஞ்சினை உள்ளே வைத்து, மேஜைக்குக் கொண்டுவந்தது.

அப்பாவின் ஆபீஸ் பிரிண்டர் கெட்டுப்போனால் ஒரு துப்பறியும் வேலை செய்து காட்டு. பிரிண்ட்டை விரலால் தேய், எழுத்து உதிர்ந்தால் ஃபியூசர் சரியாகச் சூடாகவில்லை. பக்கத்தில் ஒரே மாதிரிப் புள்ளி கீழே கீழே திரும்பத் திரும்ப வருகிறதா? ஸ்கேலை வைத்து இடைவெளியை அள. ஏதோ ஓர் உருளையில் கீறலோ அழுக்கோ இருக்கிறது, அந்த உருளையின் சுற்றளவுதான் அந்த இடைவெளி. 24 மி.மீ. விட்டமுள்ள டிரம் என்றால் ஏறக்குறைய 75 மி.மீ. வரும், நீ படிக்கிற பை கணக்குதான்.

கேள்வி: பிரிண்ட் கொடுத்தால் வரவில்லை. வரிசையில் இருப்பதை டெலீட் செய்தால் 'டெலீட்டிங்' என்று மணிக்கணக்கில் நிற்கிறது. கம்ப்யூட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.
– கணக்காளர், திருப்பூர்

பதில்: கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னவரை முதலில் மாற்றுங்கள். நீங்கள் பிரிண்ட் கொடுத்ததும் அது நேராகப் பிரிண்டருக்குப் போவதில்லை. ஸ்பூலர் என்று ஒரு குட்டி நிரல் அதை வாங்கி ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்து, பிரிண்டர் தயாரானதும் ஒவ்வொன்றாக அனுப்பும். ரேஷன் கடை வரிசை மாதிரிதான், முன்னால் நிற்பவர் நகராவிட்டால் பின்னால் இருப்பவர் யாரும் நகர முடியாது.

பிரிண்டரை அணையுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, பட்டியலில் 'பிரிண்ட் ஸ்பூலர்' மேல் வலது கிளிக் செய்து ஸ்டாப் கொடுங்கள். அப்புறம் சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். அனுமதி கேட்டால் கொடுங்கள். அந்த ஃபோல்டருக்குள் இருக்கிற ஃபைல்களை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை இல்லை, பக்கத்து ஃபோல்டரில் கையே வைக்காதீர்கள். திரும்பி வந்து ஸ்பூலருக்கு ஸ்டார்ட் கொடுத்து, பிரிண்டரைப் போடுங்கள். முதலில் ஒரே ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்கள், வரவில்லை என்று ஏழு தடவை பிரிண்ட் பட்டனைத் தட்டியதால்தான் பாதி வரிசையே நிறைந்திருக்கும்.

இது வைஃபை பிரிண்டராக இருந்து, நேற்று வரை வந்து இன்று 'ஆஃப்லைன்' என்று காட்டினால் வேறு சங்கதி. கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் பிரிண்டருக்குப் புது ஐபி முகவரி கொடுத்திருக்கும், கம்ப்யூட்டர் பழைய வீட்டு விலாசத்துக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும். ரவுட்டரில் அந்தப் பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லுங்கள். அடுத்து, பிரிண்டர் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் பிரிண்டரை (நாம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் பிரிண்ட் போகிற பிரிண்டரை) விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' என்கிற பொருளில் ஒரு டிக் இருக்கும், எடுத்துவிடுங்கள். கடைசியாக நீங்கள் எதில் பிரிண்ட் கொடுத்தீர்களோ அதையே டீஃபால்ட் ஆக்கிவிடுகிற குணம் அதற்கு.

கேள்வி: மகளின் காதணி விழா அழைப்பிதழை வீட்டில் அழகாகத் தமிழில் டைப் செய்து கொண்டுபோனால், கடையில் திறந்ததும் எல்லாம் ஆங்கில எழுத்தாகக் குழம்பி வருகிறது.
– குடும்பத் தலைவி, அறந்தாங்கி

பதில்: பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டில் டைப் செய்திருப்பீர்கள். அதில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள், கடைக் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் வேஷம் கலைந்துவிடும். வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கி எடுத்துப்போங்கள், ஃபான்ட்டும் கூடவே வரும். பேப்பர் அளவு ஏ4 என்றே இருக்கட்டும். வேர்டில் சில சமயம் அமெரிக்க 'லெட்டர்' அளவு இருக்கும், அது ஏ4-ஐ விடக் கொஞ்சம் அகலம், 18 மி.மீ. குட்டை. ஓரத்தில் மாமா பெயர் வெட்டுப்பட்டால் விழாவில் வேறு பஞ்சாயத்து. இன்னொன்று, கடைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்த ஃபைலை அழித்துவிட்டு வாருங்கள், அழைப்பிதழை விட ஆதாருக்கு இது முக்கியம்.

கேள்வி: லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டலாமா?
– கடை உரிமையாளர், காரைக்குடி

பதில்: கம்ப்யூட்டருக்கு வைத்த சின்ன யுபிஎஸ்ஸில் வேண்டாம். ஃபியூசர் சூடாகிற அந்தச் சில வினாடியில் இஸ்திரிப் பெட்டி மாதிரிக் கரண்டை இழுக்கும், யுபிஎஸ் அலறிவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும். பிரிண்டரை நேராகச் சுவரில் மாட்டுங்கள். இங்க்ஜெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: ஃபிரிட்ஜ் வாங்கிய பில்லை பத்திரமாக பீரோவில் வைத்திருந்தேன். ஒன்றரை வருடத்தில் வெள்ளைப் பேப்பராகிவிட்டது, வாரன்ட்டி கேட்கப் போனால் சிரிக்கிறார்கள்.
– வாசகர், சேலம்

பதில்: அது தெர்மல் பில், மையே கிடையாது. பேப்பரின் மேல் பூச்சுதான் சூடு பட்டுக் கறுக்கிறது, நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள், கோடு விழும். வெயில், சூடு, பிளாஸ்டிக் கவர் எல்லாம் அதற்கு ஆகாது. பில் வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள், அல்லது ஒரு ஜெராக்ஸ் போட்டு அதையும் சேர்த்து வையுங்கள். இப்போதைக்கு, வாங்கிய கடையில் உங்கள் போன் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், கம்ப்யூட்டரில் பில் இருக்கும், ஏ4-இல் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.