உடலை அசைத்தே திரையில் பெரிய படத்தைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

மவுஸோ தொடுதிரையோ இல்லாமல், பார்ப்பவர் நகர்வதைக் கேமரா கவனித்து அதற்கேற்பப் படத்தை நகர்த்தும் முறை இது. முன்னால் வந்தால் படம் பெரிதாகும், பின்னால் போனால் முழுப்படமும் தெரியும், பக்கவாட்டில் நடந்தால் படமும் நகரும். சுவரோவியத்தை நாம் பார்ப்பதும் இப்படித்தானே? கிட்டே போய் நுணுக்கம், தள்ளி நின்று மொத்தம். அதனால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது எதற்குத் தேவை? ஒரு கிகாபிக்சல் படத்தில் 100 கோடிப் புள்ளிகள் இருக்கும். 4கே திரையில் காட்ட முடிவது சுமார் 83 லட்சம்தான். ஆக, எப்போதும் ஒரு பகுதியைத்தான் முழுத் தெளிவோடு பார்க்க முடியும். அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை உடம்பு செய்கிறது.

2010-இல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட் போன்ற ஆழமானிகள் (தூரத்தை அளக்கும் கேமராக்கள்) அகச்சிவப்பு ஒளியை வீசி, நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று அளக்கும். சிக்கலே அதற்கு அப்புறம்தான். சும்மா நின்றாலும் நம் உடல் லேசாக ஆடும். அதை அப்படியே பின்பற்றினால் படம் நடுங்கித் தலை சுற்றும். எனவே நல்ல மென்பொருள் சிறு அசைவுகளைக் கண்டுகொள்ளாது. கையை நீட்டி இயக்கும் முறைகளும் உண்டு, ஆனால் சில நிமிடங்களில் தோள் வலிக்கும். நடந்து பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பலர் நினைப்பதுபோல் இது கண்விழியைப் பின்தொடர்வதல்ல. தலையோ உடலோ எங்கே இருக்கிறது என்று தெரிந்தாலே போதும், தலையில் எதையும் மாட்டத் தேவையில்லை.