வட்டமாகப் பின்ன எந்த ஊசி?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், மார்கழியில் நாள் குறித்திருக்கிறார்கள். இரண்டு நேர் ஊசிகளில் மஃப்ளர் பின்னும் அளவுக்குத்தான் எனக்குப் பழக்கம். தையல் மடிப்பு எதுவும் பிள்ளையின் தலையில் உறுத்தாதபடி, தொப்பியை வட்டமாகவே பின்ன ஆசைப்படுகிறேன். டவுனில் ஒரு கடையில் கேட்டபோது 40 செ.மீ. வட்ட ஊசி, 80 செ.மீ. வட்ட ஊசி, இருபுறமும் கூரான ஐந்து சிறிய ஊசிகள் கொண்ட கட்டு என்று மூன்றை எடுத்து வைத்து, "தொப்பிக்கு 40தான்" என்றார்கள். எங்கள் ஆச்சி வைத்திருந்த ஸ்டீல் ஊசிகளில் 8, 10 என்ற எண்கள் உள்ளன. அவை கடையில் உள்ள எண்களோடு ஒத்துப்போகவில்லை. நான் எதை வாங்க வேண்டும்?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கடையில் சொன்னது பெரியவர்களின் தொப்பிக்குப் பொருந்தும்; பச்சைப்பிள்ளையின் தொப்பிக்குப் பொருந்தாது. வட்ட ஊசியின் நீளம் என்பது ஒரு கூர்முனையிலிருந்து, இரு முனைகளையும் இணைக்கும் வளையக்கூடிய கேபிள் வழியாக, மறு கூர்முனை வரை உள்ள மொத்த அளவு. பின்னப்படும் பொருளின் சுற்றளவைவிட இந்த நீளம் சற்றுக் குறைவாக இருந்தால்தான் கண்ணிகள் இழுபடாமல் ஊசியைச் சுற்றி நகரும். கண்ணிகளை நெருக்கித் தள்ளி, சிறிய ஊசியில் பெரிய பொருளைப் பின்னிவிடலாம். பெரிய ஊசியில் சிறிய பொருளை அப்படியே பின்ன முடியாது.

உங்கள் தொப்பிக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 33 முதல் 36 செ.மீ. வரை இருக்கும், பின்னல் நெகிழ்ந்து கொடுக்கும் என்பதால் தொப்பியை அதைவிடச் சிறிது குறைத்தே பின்னுவோம். நடுத்தர நூலில், 4 மி.மீ. ஊசியில், 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் விழுவதாக வைத்துக்கொண்டால், 72 கண்ணிகள் ஏறத்தாழ 33 செ.மீ. வரும். ஆனால் 40 செ.மீ. ஊசியின் இரு முனைகளும் சிரமமின்றிச் சந்திக்க 88 கண்ணிகளாவது வேண்டும். 72 கண்ணிகளை அதில் ஏற்றிவிட்டு முதல் சுற்றை இணைக்கப் போராடும்போது, "எனக்குக் கை வரவில்லை" என்று மனம் சோர்ந்து எடுத்து வைத்துவிடுவீர்கள். குறை கையில் இல்லை, நீளத்தில்தான் இருக்கிறது. நான் பின்னத் தொடங்கிய காலத்தில் இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் இரண்டு தொப்பிகளை அவிழ்த்துப் போட்டேன் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆகவே, முனைகள் மூங்கிலாலோ மரத்தாலோ ஆன, கேபிள் மிருதுவாக வளையக்கூடிய, 4 மி.மீ. பருமனும் 80 செ.மீ. நீளமும் உள்ள வட்ட ஊசி ஒன்றை வாங்குங்கள். சுற்றளவைவிட நீளம் குறைய வேண்டும் என்று சொல்லிவிட்டு 80-ஐச் சொல்கிறேனே என்று தோன்றலாம். இதில் பின்னும் முறையே வேறு. அதற்கு மேஜிக் லூப் என்று பெயர். கண்ணிகளை 36, 36 என இரு பாதிகளாகப் பிரித்து, நடுவில் கேபிளை ஒரு வளையமாக வெளியே இழுத்துவிட்டு, ஒரு பாதியைப் பின்னி முடித்தபின் திருப்பி மறு பாதியைப் பின்ன வேண்டும். எஞ்சிய நீளம் வளையமாக வெளியே நின்றுவிடுவதால், தொப்பி எவ்வளவு சிறிதானாலும் அதே ஊசி போதும். தொப்பியின் உச்சியில் கண்ணிகள் குறைந்துகொண்டே வந்து ஏழெட்டு மட்டும் நிற்கும்போதுகூட ஊசியை மாற்ற வேண்டியதில்லை. குட்டிக் கையுறை, காலுறை ஆகியவற்றையும் இதிலேயே பின்னலாம். மஃப்ளர் பின்னும் நேர் ஊசிகளைப்போல முன்னும் பின்னுமாகவும் இதைப் பயன்படுத்தலாம்.

ஐந்து ஊசிக் கட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான்கு ஊசிகளில் பதினெட்டுப் பதினெட்டாகக் கண்ணிகள் நிற்க, ஐந்தாவதால் பின்னிச் செல்வது மிகப் பழைய, நம்பகமான முறை. ஆனால் புதிதாகத் தொடங்குபவரின் கையில் அது முள்ளம்பன்றிபோல நாலாபுறமும் நீட்டிக்கொண்டு நிற்கும். ஓர் ஊசி நழுவினால் பதினெட்டுக் கண்ணிகளும் போயின. இரண்டு தொப்பிகள் பின்னிய பிறகு அதை வாங்கிப் பழகலாம். எந்த முறையானாலும் ஓர் ஊசியிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தில் நூல் தளர்ந்து, ஏணிப்படிபோல ஓர் இடைவெளி மேலே ஏறிக்கொண்டு போகும். மாறியபின் வரும் முதல் இரண்டு கண்ணிகளில் நூலைச் சற்று இறுக்கிப் பிடித்தால் அது மறையும்.

ஆச்சியின் ஊசிகளில் உள்ளவை பழைய பிரிட்டிஷ் எண்களாகத்தான் இருக்க வேண்டும். அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. அமெரிக்க எண்ணிலோ 8 என்பது 5 மி.மீ. பருமன், அங்கே எண் கூடினால் ஊசியும் தடிக்கும். எனவே எண்ணைக் கேட்காமல் மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

மூங்கிலை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், அதன் மேற்பரப்பு கண்ணிகளைச் சற்றுப் பிடித்துக்கொள்ளும் என்பதே. ஸ்டீல் வழுக்கும், வேகமாகப் பின்னுபவர்களுக்கு அது நன்மை, புதியவர்களுக்கு அதுவே தொல்லை. நம் ஊர் வெக்கையில் உள்ளங்கை வியர்த்து, மூங்கிலிலும் நூல் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும் நேரங்கள் உண்டு. அப்போது கையையும் ஊசியையும் உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டு தொடருங்கள். இயன்றவரை காலை வேளையில் பின்னுங்கள்.

வாங்குவதற்கு முன், முனையும் கேபிளும் சேரும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் நூலும் அங்கே தட்டும். அந்த ஊசி வேண்டாம்.

கேள்வி: வட்ட ஊசியின் கேபிள் உறையில் சுருண்டிருந்தபடியே நிற்கிறது. பின்னும்போது பாம்புபோலச் சுருண்டு தொல்லை தருகிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கேபிளை மட்டும் ஒரு நிமிடம் வெந்நீரில் வைத்தெடுத்து, நேராக இழுத்துப் பிடித்தபடி ஆறவிடுங்கள். மர முனைகள் நீரில் படக்கூடாது.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் தறி நெய்வதால் பருத்தி நூல் கையில் இருக்கிறது. அதை இழை சேர்த்து முறுக்கி வட்டமாகத் தொப்பி பின்னினேன். நான்கு விரற்கடை வளர்ந்த பிறகுதான் விளிம்பு முறுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டேன். ஊசியை மாற்றினால் சரியாகுமா?
— ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்: ஆகாது, அம்மா. இணைக்கும்போது கண்ணி வரிசை ஊசியைச் சுற்றி ஒரு புரி புரண்டுவிட்டது. இவ்வளவு வளர்ந்தபின் அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை. பாவு ஓட்டும்போது இழை புரளாமல் பார்த்துக்கொள்ளும் வீட்டில் இதைப் புரிந்துகொள்வது எளிது. கண்ணிகளை ஏற்றியதும், ஊசியை மேசைமீது கிடத்தி, எல்லா முடிச்சுகளும் கேபிளின் உட்புறம் நோக்கியிருக்கின்றனவா என்று முழுச் சுற்றும் பார்த்துவிட்டு இணையுங்கள். அல்லது, முதல் இரண்டு வரிசைகளை நேர்ப் பின்னலாகப் பின்னிவிட்டு அதன்பின் இணையுங்கள். பட்டை அகலமாகிவிடுவதால் முறுக்கு உடனே கண்ணில் படும். அடியில் விழும் சிறு பிளவைத் தொங்கும் நூல் முனையால் தைத்துவிடலாம். முதல் சுற்றின் முடிவிலேயே முறுக்கைக் கண்டுவிட்டால், கடைசிக் கண்ணிக்கும் முதல் கண்ணிக்கும் இடையே ஓடும் நூலின்மேல் அந்தப் புரியைத் திருப்பி விட்டு நேராக்கவும் முடியும். இரண்டாம் சுற்று ஏறிவிட்டால் அது இயலாது.

பருத்தி நூல் கம்பளிபோல நெகிழாது என்பதால், அடுத்த முறை நான்கு கண்ணிகள் கூடுதலாக ஏற்றிக்கொள்ளுங்கள்.