ஆர்வம் வந்த பிறகுதான் படிக்க வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டர்வொர்த்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. படிவம் ஐந்தில் பயிலும் உங்கள் மகன் தன்முனைப்பு முகாமுக்கு (படிப்பில் ஊக்கமூட்டும் முகாம்) போய்வந்த வாரம் முழுவதும் "இனி ஒழுங்காகப் படிக்கிறேன்" என்று சொன்னதையும், அடுத்த வாரமே கூடுதல் கணிதப் புத்தகம் பைக்குள் முடங்கிவிட்டதையும் சொல்லி, இதைவிடச் சிறந்த முகாம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னொரு முகாமுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. மனப்பான்மை மாறினால் நடத்தை தானாக மாறிவிடும் என்ற நம்பிக்கையைச் சமூக உளவியல் நெடுங்காலமாகவே ஐயத்தோடு பார்க்கிறது.

ஒரு சீனத் தம்பதியருடன் அமெரிக்காவைச் சுற்றிவந்த சமூகவியலாளர் ரிச்சர்ட் லாப்பியர் 1934-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் சென்ற 251 விடுதிகள், உணவகங்களில் ஒன்றே ஒன்றுதான் அவர்களைத் திருப்பி அனுப்பியது. ஆனால் பின்னர் கடிதம் வழிக் கேட்டபோது, பதிலளித்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சீனர்களை ஏற்கமாட்டோம் என்றே எழுதினார்கள். ஒரு செயலில் இறங்க அதைப் பற்றிய எண்ணம் மட்டும் போதாது, நமக்கு வேண்டியவர்களின் எதிர்பார்ப்பும் நம்மால் முடியும் என்ற நம்பிக்கையும் சேர வேண்டும் என்று உளவியலாளர் ஐசெக் ஐசன் பிற்காலத்தில் விளக்கினார். தம்பியிடம் முதல் இரண்டுக்கும் குறைவில்லை. எதிர்பார்ப்பு சற்று அதிகமாகவே இருக்கிறது என்றுகூடச் சொல்வேன். "எனக்குக் கணக்கு வராது" என்று அவர் சொல்வதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, ஒவ்வோர் 'ஏ'வுக்கும் 200 ரிங்கிட் தருவதாக உங்கள் கணவர் கொடுத்த வாக்கு. லியோன் ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் 1959-இல் வெளியிட்ட சோதனையில், சலிப்பூட்டும் வேலையை ஒரு மணி நேரம் செய்த மாணவர்கள், அடுத்து வருபவரிடம் அது சுவையான வேலை என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்காக 20 டாலர் பெற்றவர்களைவிட, ஒரே ஒரு டாலர் பெற்றவர்களே அந்த வேலை உண்மையில் பிடித்திருந்ததாகப் பின்னர் கூறினார்கள். பெரிய தொகை பெற்றவருக்குத் தம் செயலுக்கான காரணம் கையிலேயே இருந்தது. சிறிய தொகை பெற்றவரோ அக்காரணத்தைத் தம் மனத்துக்குள் தேட வேண்டியதாயிற்று. 1973-இல் மார்க் லெப்பரும் உடனாய்வாளர்களும், வரைவதில் விருப்பமுள்ள பாலர்களிடம் பரிசுச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தபோது, அவர்களின் விருப்பம் பின்னர் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. இதற்காகக் கொடுத்த வாக்கை மீற வேண்டாம். புதிய வாக்கு எதுவும் கொடுக்காமல் இருந்தால் போதும்.

இனிச் செய்ய வேண்டியது, செயலை முன்னே விட்டு ஆர்வத்தைப் பின்னால் வரவிடுவது. இரவு உணவு முடிந்து தட்டைக் கழுவியதும் மேசையில் அமர்ந்து ஒரே ஒரு கணக்கு என்று, நேரத்தையும் கணக்கையும் தம்பியே தேர்ந்தெடுத்துத் தம் கையாலேயே எழுதி ஒட்டட்டும். படிவம் நான்கு நூலில் உள்ள எளிய கணக்காகவே இருக்கட்டும். முடியும் என்ற நம்பிக்கை, முடித்த கணக்குகளிலிருந்துதான் வரும். எதை எப்போது செய்வது என்று இப்படி முன்கூட்டியே முடிவு செய்துகொள்பவர்கள், வெறுமனே உறுதி எடுப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதைப் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அவர் அமரும்போது அருகில் நின்று பார்க்காதீர்கள், பெரியம்மா மகளின் மதிப்பெண்ணையும் அந்த நேரத்தில் எடுக்காதீர்கள்.

பழுதான மின்விசிறியையும் அண்டை வீட்டாரின் வானொலியையும் அவர் மணிக்கணக்கில் பிரித்துப் பார்க்கிறார் என்று குறைபட்டிருக்கிறீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு அக்கரையிலேயே வாழும் பிள்ளைக்கு, பெர்மாத்தாங் பாவ்வில் உள்ள செபராங் பிறை பாலிடெக்னிக்கும் படிவம் ஐந்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்குப் பிந்தைய ஒரு நல்ல வழியே. டிப்ளோமாவுக்குப் பிறகு பட்டப்படிப்பைத் தொடரவும் இடமுண்டு.

அடுத்த சந்திப்புக்கு உங்கள் கணவரும் வரட்டும். முதல் அரை மணி நேரம் தம்பியிடம் நான் தனியாகப் பேச விரும்புகிறேன்.